சலவை அறைக்கு வந்த ரஷ்யப் பெண்

வயது ஐம்பதைத் தொட்டும் தாண்டியும் நிற்கும் என் கூட்டாளிகளே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நம் பிள்ளைகளுக்கு எழுதிப் பயனில்லை. தமிழில் ஒன்று கேட்டால் டெனிஷில் பதில் சொல்கிறவர்கள், அதையும் கைபேசியைப் பார்த்தபடி சொல்கிறவர்கள். டென்மார்க்கில், பிராண்டே ஊரின் அந்த மூன்று மாடிச் செங்கல் கட்டடங்களில் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள் நாம்தான். நிலத்துக்குக் கீழே இருந்த சலவை அறை உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? இன்று எல்லோர் வீட்டிலும் சொந்த மெஷின். பொத்தானை அமுக்கிவிட்டுப் போய் இருந்துவிடுகிறோம்.

அந்த இரும்புக் கதவைத் தள்ளியதும் சவர்க்காரத் தூளின் வாசம் முகத்தில் அடிக்கும். பின்னாலேயே ஈரக் கம்பளியின் வாசம் வரும். மெஷின்கள் எல்லாம் ஒன்றாகச் சுழலும்போது சீமெந்துத் தரை உள்ளங்காலில் நடுங்கும். யன்னல் கூரையோடு ஒட்டி உயரத்தில் இருந்ததால், வெளியே நடப்பவர்களின் சப்பாத்துகளும் அவை மிதித்த பனியும் மட்டுமே தெரியும். ஆண்கள் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டார்கள். வந்தால் கையில் ஒரு வாளியைத் தந்துவிடுவார்கள் என்ற பயம். எங்கள் கட்டடத்துத் தமிழ்ப் பெண்கள் மூவரும் சனிக்கிழமை காலையைத் தங்களுக்கென்று பதிந்து வைத்திருந்தார்கள். ஒருவர் என் அம்மா. இன்னொருவர், பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்கா. சபை அக்கா என்றுதான் எல்லோரும் சொல்வோம். மூன்றாமவர் சித்தி.

சித்தி, அப்பாவின் தம்பியுடைய மனைவி. அந்த இலையுதிர் காலத்தில்தான் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். அவரைத் தெரிந்தெடுத்தது என் அப்பா. தபாலில் வந்த ஒரு படத்தைப் பார்த்து, "பிள்ளை நல்ல அடக்கம், தம்பிக்குத் தோதா இருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். படத்தில் அடக்கம் தெரியுமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன், பத்து வயதுக்குரிய வாய். அம்மா தொடையில் கிள்ளினார்.

சித்தியின் பெட்டியில் மிளகாய்த் தூளும் மாசிக் கருவாடும் இருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு தடித்த நாவல். ரஷ்யப் புத்தகம், தமிழில் அச்சடித்தது. ஊரில் அந்தக் காலத்தில் ரஷ்யப் புத்தகம் அப்பள விலைக்குக் கிடைத்ததாக அப்பா சொல்வார். வரும் வழியில் ஏதோ ஒரு சோதனைச் சாவடியில் பெட்டியைக் கிளறியபோது அதன் அட்டையும் முதல் தாளும் கிழிந்து போயிருந்தன. அதனால் கதையின் பெயரும் எழுதியவர் பெயரும் எங்களில் ஒருவருக்கும் கடைசிவரை தெரியாது. புத்தகத்தைப் பிரித்தால் மிளகாய் மணக்கும். தும்மல் வரும்.

சித்தப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அவரைக் கெட்டவராக நினைத்துவிடுவீர்கள். அவர் கெட்டவர் இல்லை. குடி இல்லை, கூத்து இல்லை. தொழிற்சாலையில் பின்னேர வேலை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கறுத்த உப்பு மிட்டாய், லக்ரிட்ஸ், வாங்கி வருவார்; எனக்குப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியாது. சித்தி வரும்வரை ஆறு வருடம் தனியாக இருந்து, ஒரே சட்டியில் சோறும் கறியும் ஆக்கித் தின்று, பேசாமல் இருந்து பழகியவர். கலியாணம் கட்டிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டுத் தொலைபேசியின் சுழற்றும் வட்டத்தில் ஒரு குட்டிப் பூட்டுப் போட்டிருந்தார். ஒற்றை ஆளாக இருந்த காலத்தில், வந்து போகிற நண்பர்கள் கண்டபடி கொழும்புக்கு எடுக்காமல் இருக்கப் போட்டது. மனைவி வந்த பிறகு கழற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சாவி அவருடைய வேலை உடுப்புப் பையில் இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் மேல்மாடியில் இருந்த சித்தி வீட்டுக்கு ஓடுவேன். அந்த நேரத்தில் சித்தப்பா வேலைக்குப் போயிருப்பார். சித்தி யன்னலடியில் நிற்பார். வீடு அவ்வளவு துப்புரவாக இருக்கும், ஆள் குடியிருக்கிற வீடு போலவே இராது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த டெனிஷ் சொற்களைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். மொழி வகுப்புக்குப் போக அவருக்கு ஆசை. சித்தப்பாவிடம் கேட்டபோது, "குளிர் போகட்டும் பாப்பம்" என்றாராம். டென்மார்க்கில் குளிர் எப்போது போகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, கதைக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை, மெஷின் சுற்றி முடியக் காத்திருந்தபோது அம்மாதான் கேட்டார்.

"உம்மடை அந்தத் தடிப்புத்தகத்திலை அப்பிடி என்னதான் கிடக்கு?"

"ஒரு குடும்பக் கதை அக்கா."

"அப்ப சொல்லுமன். வெறுமன இருந்து மெஷினைப் பாத்தால் தலை சுத்துது."

அப்படித் தொடங்கியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓர் அத்தியாயம், சில நாள் இரண்டு. ரஷ்யர்களுக்கு ஆளுக்கு மூன்று பெயர். ஒன்று அப்பாவுடையது, ஒன்று செல்லப் பெயர், மற்றது வாயில் நுழையாது. சித்தி அவற்றை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டார். ஊரில் விதானையார், கிளாக்கர், சங்கக்கடை மனேச்சர் என்று உத்தியோகத்தைச் சொல்லியே ஆட்களைக் குறிப்பிடுவோமே, அதேபோல் கதையில் வரும் கணவர் நீதவான் ஆனார். மனைவி இளம் வயது என்பதால் வெறுமனே அந்தப் பிள்ளை. அந்தப் பிள்ளை என்றால் மூன்று பெண்களுக்கும் யாரென்று தெரியும். வேறு பெயர் தேவைப்படவில்லை.

நீதவான் மரியாதைப்பட்ட மனிதர். வயது கூடியவர். கை நீட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். ஏழைப் பாதிரியார் ஒருவரின் மகளைக் கட்டி வருகிறார். ரஷ்யாவில் அந்த நாளில் தேயிலை பெரிய சாமானாம், பெட்டியில் பூட்டித்தான் வைப்பார்களாம். அந்தச் சாவி வீட்டுக்காரியின் இடுப்பில் இருப்பது முறை. இந்த நீதவானோ, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளைக்குத் தேநீர் வேண்டுமென்றால் அவர் நீதிமன்றத்திலிருந்து வரவேண்டும்.

"தேத்தண்ணிக்குப் பூட்டோ?" அம்மா பொங்கினார். "விசரனோ அவன்?"

"கையும் நீட்டேல்லை, குடிக்கவும் இல்லை," என்றார் சபை அக்கா. "அவ பொறுத்து இருந்து செபிச்சிருக்கலாம்."

"செபிச்சால் தேத்தண்ணி ஊறுமோ? ஆள் நித்திரையாப் போகப் பையுக்கை கையை விட்டு எடுக்கிறதுதானே. நானெண்டால் கலியாணத்துக்கு மற்ற நாளே எடுத்திருப்பன்."

"எடுக்கலாம் அக்கா," என்றார் சித்தி. "ஆனா அவ எடுக்கேல்லை. அவராத் தருவார் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவ."

அம்மாவுக்கு இது பிடிபடவில்லை. எனக்கும்தான். கையெட்டும் தூரத்தில் இருக்கிற ஒன்றை யாராவது தரும்வரை காத்திருப்பார்களா?

கதையில் பனி வரும் இடங்களில் சித்திக்குக் குரல் மாறும். "ஊரிலை இதை வாசிக்கேக்கை பனி எண்டால் எங்கட மார்கழிப் பனி எண்டுதான் நினைச்சனான். அவ செருப்போடை நடந்து போறா எண்டு நினைச்சன். இஞ்சை வந்து பாத்தாப் பிறகுதான் எனக்கு இந்தக் கதை விளங்குது," என்று ஒருநாள் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை என்பதை நான் கண்டேன், ஆனால் அது ஒரு பெரிய விசயமாக எனக்குப் படவில்லை.

குளிர் உச்சத்தில் இருந்த ஒரு சனிக்கிழமை, அந்தப் பிள்ளை வீட்டை விட்டுப் போனது. ஆற்றில் உறைந்த பனி வெடிக்கிற சத்தம் கேட்கிறது. எத்தனையோ வருடமாக அதைப் பார்க்கக் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டவள், அன்று தானாகவே மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளிக்கிடுகிறாள். ஆற்றைப் பார்க்கிறாள். வீட்டுக்குத் திரும்பாமல் தபால் வண்டி நிற்கும் இடத்துக்கு நடக்கிறாள். பின்னேரம் நீதவான் வருகிறார். சாவியை மேசையில் வைத்துவிட்டுத் தேநீருக்காக இருக்கிறார். நெடுநேரம் இருக்கிறார்.

மெஷின் ஒன்று நின்றது. ஒருவரும் எழும்பி உடுப்பை எடுக்கவில்லை.

"ஆரோடை போனவ?" சபை அக்கா கேட்டார்.

"ஒருத்தரோடையும் இல்லை."

"இல்லை, ஆர் கூட்டிக்கொண்டு போனது?"

"ஒருத்தருமில்லை. தான்தான் போனவ."

"ஆள் ஒண்டும் இல்லாமலோ?" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே கோபப்பட்டார். "அப்ப என்னத்துக்குப் போனவள்?"

சித்தி வாளியை எடுத்தார். எழும்பிப் போய் மெஷினைத் திறந்து ஈர உடுப்புகளை வாளிக்குள் இழுத்துப் போட்டார். அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு டெனிஷ் கிழவி தன் திரைச்சீலைகளோடு வந்தாள். மூன்று பெண்களும் அழுத முகத்தோடு இருப்பதைக் கண்டு பயந்து, யார் செத்தது என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டாள். ஒருவரும் சாகவில்லை, ஒரு ரஷ்யப் பெண்ணுக்குக் குடும்பப் பிரச்சினை என்று சொன்னேன். கிழவி என் தலையைத் தடவிவிட்டுத் திரைச்சீலையோடு திரும்பிப் போய்விட்டாள்.

இதுவரை இது பகிடியான கதைதான். இனித்தான் வில்லங்கம்.

கோல்டிங் என்ற ஊரில் என் பெரியம்மா, அம்மாவின் அக்கா, இருந்தார். சனிக்கிழமை மத்தியானம் அக்காவும் தங்கச்சியும் தொலைபேசியில் கதைப்பது வழமை. சலவை அறையில் கேட்ட அத்தியாயத்தை அம்மா சுடச்சுடப் பெரியம்மாவுக்குச் சொல்லிவிடுவார். அன்றைக்கும் சொன்னார். அந்த முனையில் பெரியம்மா, சோபாவில் இருந்த பெரியப்பாவின் காதில் விழும்படி, "ஐயோ, அந்தப் பிள்ளை வெளிக்கிட்டுப் போட்டுதோ! மனுசன் வேலையாலை வரமுன்னமோ? பாவம் அந்த மனுசன், வந்து பாத்துக்கொண்டு இருந்திருக்கும்" என்று நெஞ்சில் அடித்திருக்கிறார்.

பெரியப்பாவுக்குத் தெரிந்து பிராண்டேயில் புதிதாக வந்த இளம் பெண் ஒருத்திதான். பெரியம்மாவிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் விசயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நம் ஆண்களை உங்களுக்குத் தெரியாதா? பெண்களின் கதையில் தலை போடுவது கௌரவக் குறைவு. குடும்பத்தில் பிசகு என்றால் பெண்களிடம் விசாரிப்பதில்லை. ஆண்கள் ஆண்களுக்குச் சொல்லி, ஆண்களாகப் போய், ஆண்களோடு கதைத்துத் தீர்ப்பார்கள். அவர் தூரத்து ரண்டர்ஸ் ஊரிலிருந்த மாஸ்ரருக்குத் தொலைபேசி எடுத்தார். மாஸ்ரர் ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. இந்த யூட்லாந்துப் பகுதியில் நம் சனத்துக்குள் என்ன பிணக்கு வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெண் ஒருத்தி சும்மா வெறுமனே வெளிக்கிடுவாளா, ஓர் ஆள் இருக்கத்தான் வேண்டும் என்று இரண்டு பேரும் கதைத்து முடிவு கட்டினார்கள். கதையில் இல்லாத ஆளை அவர்களே உண்டாக்கினார்கள். டெனிஷ் பஸ் சாரதி என்று உத்தியோகமும் கொடுத்தார்களாம். இதைப் பிறகு பெரியம்மாவே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சறுக்குகிற ரோட்டில் இருவரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். அப்பாதான் மூத்தவர் என்பதால் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தனாங்கள்," என்றார் மாஸ்ரர். ரண்டர்ஸில் இருந்து பிராண்டேக்குச் சும்மா யாரும் வருவதில்லை. அதுவும் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு.

அப்பா, சித்தப்பாவை மேலேயிருந்து கூப்பிட்டனுப்பினார். சித்தியும் கூடவே இறங்கி, முன் அறைக்குள் வராமல் நேரே குசினிக்குள் போய் அம்மாவோடு வடைக்கு மாவைத் தட்டத் தொடங்கினார். இப்போது யோசித்தால் வியப்பாக இருக்கிறது. ஓடிப்போய்விட்டதாகச் சொல்லப்பட்டவர் அடுத்த அறையில் வடை சுடுகிறார். வந்தவர்களோ முன் அறையைத் தாண்டி எட்டிப் பார்க்கவில்லை. குசினிக்குள் பார்ப்பது பண்பில்லை அல்லவா. நான் வடைத் தட்டோடு இரண்டு இடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"தம்பி," மாஸ்ரர் தொடங்கினார், "குடும்பமெண்டால் பிசகு வரும். மனுசி வெளிக்கிட்டாலும் ஆம்பிளை அவசரப்படக் கூடாது."

அப்பா திடுக்கிட்டார். "ஆர் வெளிக்கிட்டது?"

"அதைத்தான் இப்ப கதைக்க வேண்டாம் எண்டிறம்," என்றார் பெரியப்பா. "நடந்தது நடந்து போச்சு. ஊருக்குத் தெரியாமல் திருப்பிக் கொண்டுவந்து விடுற வழியைப் பாப்பம்."

நான் சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கோபப்படுவார், எழும்பிக் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. நிலத்தில் விரித்திருந்த கம்பளத்தைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அவ உங்களுக்குச் சொன்னவவோ?"

மாஸ்ரர் பெரியப்பாவைப் பார்த்தார்.

"எப்ப போறாவாம்?"

இதைத்தான் நான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், கூட்டாளிகளே. யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. பொய் என்றும் சொல்லவில்லை. எப்போது என்று கேட்டார். அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மாடியில் யன்னலடியில் நிற்கும் பெண்ணின் முதுகை அவர் ஒவ்வொரு நாளும் பார்த்தவர்தானே.

நான் குசினிக்கு ஓடி, "அம்மா, சித்தி எப்ப போறா எண்டு சித்தப்பா கேக்கிறார்" என்றேன்.

"எங்கை போறது?" என்றார் அம்மா. சித்தியின் கை எண்ணெய்ச் சட்டிக்கு மேலே அப்படியே நின்றது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு முன் அறைக்குப் போனார். முதலில் அவருக்கே தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. நீதவான், வெளிக்கிட்டது, தொலைபேசி என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்த பிறகு, தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். "ஐயோ, அது கதைப்புத்தகத்து மனுசி! ரஷ்யாக்காரி! அவள் போய் நூறு வரியமாச்சு!"

அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அப்பா சிரித்தார். பெரியப்பா வெட்கத்தில் சிரித்தார். மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துச் சிரித்தார். எல்லாரும் ஓய்ந்த பிறகும் சித்தப்பா மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார். அது கேட்க நன்றாயில்லை.

அந்த நேரத்தில் சித்தி தேநீர்த் தட்டோடு வாசலில் வந்து நின்றார். அவருக்கு இருபத்திரண்டு வயது. அவருடைய விசா சித்தப்பாவின் கலியாணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது அறுந்தால் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும், ஊரில் அப்போது குண்டு விழுந்துகொண்டிருந்தது. இது எனக்கு அன்று தெரியாது, அங்கே இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். மாஸ்ரர் நல்ல மனநிலையில் இருந்தார். வந்த காரியத்தை ஒரு நல்ல வார்த்தையோடு முடிக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்.

"பிள்ளை, உமக்கு இஞ்சை ஒரு குறையும் இல்லைத்தானே?"

இதற்கு என்ன பதில் என்று நம் எல்லோருக்கும் தெரியும். இல்லை மாஸ்ரர் என்று சொல்லிக் குனிந்து தட்டை நீட்ட வேண்டும்.

"இருக்கு, மாஸ்ரர்," என்றார் சித்தி.

மெல்லிய குரல்தான். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அவர் தட்டை வைக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை, அடுத்த கேள்விக்காக நின்றார். சித்தப்பா தலையை உயர்த்தி அவரைப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்தது. கேட்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

மாஸ்ரர் முந்திக்கொண்டார். "இருக்கும், இருக்கும். ஏன் இராது? ஊர் யோசினை. பத்தாததுக்கு இந்தக் குளிரும். ஒரு பிள்ளை வந்து மடியிலை கிடந்தால் எல்லாம் பறந்து போகும்."

"அதுதானே," என்றார் பெரியப்பா. "ஓம், ஓம்," என்றார் அப்பா. அம்மா எழும்பி வந்து, "வடை கருகுது, வாரும்" என்று சித்தியின் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். வடை கருகவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அம்மா வெளியே போயிருந்தார்.

போகும்போது மாஸ்ரர் புத்தகத்தைக் கேட்டார். "இந்த ரஷ்யாக்காரர் எப்பவும் இப்பிடித்தான், குடும்பத்தைக் குழப்பிப்போட்டுத்தான் கதையை முடிப்பாங்கள். நான் ஒருக்கா வாசிச்சிட்டுத் தாறன்." சித்தி மேலே போய் எடுத்து வந்து கொடுத்தார். மாஸ்ரர் வாங்கின புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

அடுத்த கிழமை நான் மாடிக்குப் போனபோது தொலைபேசியில் பூட்டு இல்லை. சித்தப்பா முதல்நாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, கதையில் அந்த மனுசிக்கு என்னதான் கோபம் என்று கேட்டிருந்தார். தேயிலைப் பெட்டிச் சாவியைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, லக்ரிட்ஸ் பெட்டியைத் தந்துவிட்டு ஏறிப் போனார். பூட்டைக் கழற்றி, சாவியோடு சேர்த்து மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போயிருக்கிறார். பாவம், பூட்டுத்தான் குறை என்று நினைத்தாரோ, அல்லது மனைவியிடம் நேரே கேட்கப் பயந்து என்னிடம் கேட்டாரோ, தெரியாது. சித்தி அந்தப் பூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, "நான் ஆருக்கு எடுக்கிறது, பிள்ளை?" என்றார். அவருடைய ஊரில் அப்போது தொலைபேசிக் கம்பியே இல்லை.

சலவை அறைக்கு அதன் பிறகும் வந்தார். சபை அக்கா பாட்டு முணுமுணுத்தார், அம்மா மிளகாய்த் தூள் முடிந்துபோனதைப் பற்றிக் கதைத்தார். ரஷ்யக் கதையைப் பற்றி மூவரும் மூச்சு விடவில்லை. என்னால்தான் பொறுக்க முடியவில்லை.

"சித்தி, அந்தப் பிள்ளை தபால் வண்டியிலை ஏறி எங்கை போனவ?"

"எங்கையும் போகேல்லை. திரும்பி வந்திட்டா," என்றார் சித்தி, விரிப்பின் மறுமுனையை என் கையில் தந்தபடி. "நேரா இழுத்துப் பிடி. சுருங்குது."

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அம்மாவின் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பிள்ளைகள் பிறந்தார்கள், நம்மோடு விளையாடினார்கள். சித்தி மொழி வகுப்புக்கும் போனார், பிறகு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலைக்கும் போனார். வீடு வாங்கினார்கள். ஒரு சண்டை, ஒரு சத்தம் இல்லாத குடும்பம் என்று நம் ஆட்கள் புதுத் தம்பதிகளுக்குக் காட்டுகிற வீடு அது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதை கலியாண வீடுகளில் பெரிய பகிடியானது. பெரியப்பா ஓடிப்போன ரஷ்யாக்காரியைத் தேடி வந்த கதை. அதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் சிரிப்போடு முடித்துவிடுவார்கள். தேநீர்த் தட்டோடு ஒருவர் வாசலில் நின்றது யாருடைய கதையிலும் வராது. வருடங்கள் போகப் போக, அப்படி ஒன்று நடந்ததா, நானாகக் கற்பனை செய்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

போன மாசியில் சித்தப்பா செத்துப்போனார். எட்டாம் நாள் படையலுக்கு வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, குசினியில் சித்தியும் நானும் மட்டும் நின்றோம். அவர் கழுவித் தர நான் துடைத்தேன். கேட்கக் கூடாத நேரம்தான். ஆனால் வேறு எப்போது?

"சித்தி, அண்டைக்கு எங்கட வீட்டிலை மாஸ்ரர் கேக்க, குறை இருக்கு எண்டு சொன்னனீங்கள். ஞாபகம் இருக்கோ?"

அவர் தண்ணீரை நிறுத்தினார்.

"ஓம். சொன்னனான்."

"என்ன குறை சித்தி?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, அழுகையுமில்லை. யாரோ ஒருவர் பெயரை நினைவுபடுத்திப் பார்க்கிற மாதிரி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார்.

"ஆரும் கேப்பினம் எண்டு, ஒழுங்காச் சொல்ல வேணுமெண்டு, வந்த நாளிலையிருந்து மனசுக்கை சொல்லிச் சொல்லி வச்சிருந்தனான் பிள்ளை. சமைக்கேக்கை சொல்லிப் பாப்பன். உங்கட சித்தப்பா கேப்பார் எண்டுதான் நினைச்சனான், அண்டைக்கு அவர் வாய் திறந்தவர், நீயும் பாத்தனிதானே. ஒருத்தரும் கேக்கேல்லை." ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். "இப்ப நீ கேக்கிறாய். எனக்கு மறந்து போச்சு."